கப்பல் பார்க்க வந்தவர்கள்

படகுத்துறையில் வரிசை நகர்ந்து நகர்ந்து, அவர்கள் முறை வரும்போது அவர் விலகி வெளியே வந்துவிட்டார்.

படகு எங்கே போய்விடப்போகிறது, ஒரு நடை நடந்துவிட்டு வரலாம் என்றார். மனைவி குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கோடை வெயில் மண்டையைப் பிளந்தது.

கலங்கரை விளக்கத்தில் பாதிப் படி ஏறி இறங்கினார். மீன் ஏலக் கூடத்தில் நிற்கவே இல்லை. கப்பல் பார்க்கலாம் என்று கூட்டிவந்தவர், கரையோரம் மலை மாதிரி நின்ற கப்பலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆயுள் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வண்டியில் எங்கே உட்கார்ந்தாலும் அவர் கால் பிரேக்கைத் தேடும். காலையில் பஸ்ஸில்கூட வெறும் தரையை மிதித்துக்கொண்டேதான் வந்தார். இறங்கியதும் அதே காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போலிருந்தது.

கிடங்குகளைத் தாண்டி, குடியிருப்புகள் நெருக்கியடித்த தெருக்களுக்குள் நுழைந்தார். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் எட்டிப்பார்க்கிற தெருக்கள் அல்ல அவை. ஒரு மாடியில் யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டியபடி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே நின்றார்.

அவள் திரும்பினாள். வேறு யாரோ.

கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சந்தில் திரும்பப் போனார்.

“அந்தப் பக்கம் வேண்டாங்க. நெழலே இல்ல,” என்றாள் மனைவி. வந்த வழியே திரும்பினார்கள்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்று, இனி இந்த வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். மனைவி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. போன வாரம், முன்பு அவரிடம் வண்டி பழகிய ஒருவன், உங்கள் பெண்ணைத் துறைமுக ஆபீஸ் பக்கம் பார்த்தேனே சார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வெக்கைக்கு ஒரு நாள் கடல் பக்கம் போய்க் கப்பல் பார்த்துவிட்டு வரலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவளும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டாள்.

இதுவரை இருவரில் ஒருவரும் மகளைப் பற்றி மூச்சு விடவில்லை.

தெருமுனையில் ஒரு ஜூஸ் கடை. கால் ஓய்ந்துபோய் அங்கே கிடந்த பெஞ்சில் சாய்ந்தார்.

“இங்க வேண்டாமே, வேற கடை பாக்கலாம்.”

அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு எலுமிச்சை ஜூஸ் சொன்னார்.

கடைக்காரம்மா பழத்தைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து மனைவியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“என்னம்மா, இந்தத் தடவ பேத்திய கூட்டிட்டு வரலியா?”

மனைவி குடையை மடக்கினாள். மடக்கிய குடையை மறுபடியும் மடக்கப் பார்த்தாள்.

ஊரில் இருக்கும் தங்கைக்கு மூட்டுவலி என்று மாதம் தவறாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். எந்த வைத்தியத்துக்கும் அந்த வலி அடங்காதது ஏன் என்று அவருக்கு இப்போது புரிந்தது.

இடி விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்தே நின்றாள்.

அவர் ஜூஸை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

“நடக்குறாளா?”

“ஓடுறா,” என்றாள்.

அவர் எழுந்து, அவள் முன்னால் போவதற்கு ஒதுங்கி நின்றார்.