வீட்டுக்குள் மட்டுமே ஓடியது

"வீட்டுக்குள் மட்டுமே ஓடியது, புதுசு மாதிரி" என்ற விளம்பரத்தை நம்பித்தான் தூத்துக்குடி கஸ்பார் அந்தப் பழைய சக்கர நாற்காலியை ஆன்லைனில் வாங்கினார். விபத்துக்குப் பிறகு அவர் மனைவி செலின் நாலு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் போய்வர ஒன்று இருந்தால் போதும் என்றிருந்தாள்.

பழைய பொருள்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிவிடும் காலம் அது. சுவிட்சைப் போட்டதும் நாற்காலி பேசியது.

"இதுவரை ஓடியது பதினோராயிரம் கிலோமீட்டர். மணப்பாடு கடற்கரைக்கு முப்பத்தாறு தடவை, கொடைக்கானலுக்கு இரண்டு தடவை. ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஆடும்போது சாய்ந்தேன். இடது கைப்பிடியில் இருக்கும் கீறல் அதனால்தான்."

"பொய்க்காரப் பய! இப்பவே திருப்பி அனுப்புதேன்" என்று கஸ்பார் போனில் புகாரைப் பதிந்தார். மறுநாளே எடுத்துப்போக ஆள் வருவதாகப் பதில் வந்தது.

செலின் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மணல்ல எப்படிப் போன?"

"ஈர மணலாகப் பார்த்துப் போவோம்."

மறுநாள் வந்த ஆள், பூட்டிய வீட்டின் முன் நின்று போன் செய்தார். அலைச்சத்தத்துக்கு நடுவே செலின்தான் எடுத்தாள்.

"வீட்டுக்குள்ள கெடக்குற சாமானா தம்பி அது? என்னையுமில்லா வெளிய இழுத்துட்டு வந்துட்டு!"