அம்மாவுக்கு ஊர் காட்டியவர்

கண்களை இறுக மூடிக்கொண்டு, வலது கையால் சுவரைத் தடவியபடி, ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டே நடந்தார் அவர். எதிரே வந்தவர்கள் ஐயோ பாவம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். பதினான்காவது அடியில் நின்று கண்ணைத் திறந்தவர், கூடவே வந்த இளம்பெண்ணிடம் கணக்கைச் சொன்னார்.

அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. வெளியூர்க்காரர்களை நகரத்தின் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவது பதினெட்டு வருஷமாக அவர் பிழைப்பு. அலுவலகத்தில் அவருக்கு ஊர்சுற்றி என்றே பெயர். பார்வை இல்லாதது இன்று அவரைத் தனியாக அமர்த்தியிருந்த இந்தப் பெண்ணின் அம்மாவுக்குத்தானாம்.

"அவங்களால இவ்வளவு தூரம் வர முடியாதுண்ணா. நீங்க சொல்றதைப் பதிவு பண்ணிக் கொண்டுபோய்ப் போட்டா, கூடவே நடந்த மாதிரி இருக்கும் அவங்களுக்கு" என்று காலையிலேயே அவர் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கை மாட்டிவிட்டாள்.

அந்த அண்ணாவிலேயே மனுஷன் பாதி உருகிவிட்டார். மீதியை உருக்கியது அவருடைய சொந்தக் கதை. அவர் அம்மாவும் கடைசி மூன்று வருஷம் பார்வையில்லாமல்தான் இருந்தாள். வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் நகரத்தைச் சுற்றிக் காட்டியவர், கண் தெரியாதவளுக்கு எதைக் காட்டுவது என்று பெற்றவளை ஒருநாள்கூட வாசல் தாண்டி அழைத்துப் போகவில்லை. அது இன்றைக்கும் அவருக்கு ஆறாத விஷயம்.

அதனால் இன்று வழக்கமான பல்லவி எதையும் அவர் பாடவில்லை. தன் அம்மாவையே கைபிடித்துக் கூட்டிப்போவது போலப் பேசினார். பாலத்துக் கைப்பிடி எப்படிச் சில்லென்று இருக்கும், தோல் செருப்பு வாசனை வந்ததும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த முனையில் காற்று முகத்தில் அடிக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னார். பேருந்து இரைச்சல் குறுக்கிட்ட இடத்திலெல்லாம், அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள் அவள். அவரும் சளைக்காமல் சொன்னார்.

மணிக்கூண்டின் கீழே தன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டார். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத, அவரே கட்டிவிட்ட கதை அது. கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடுவது, எங்கேயும் நேரத்துக்குக் கிளம்பாத மனைவிக்காக அதைச் செய்தவன் பண்ணிய ஏற்பாடாம்.

"இருநூறு வருஷமாச்சு. அந்தம்மா இன்னும் தலை சீவிட்டுத்தான் இருக்காங்க."

இப்படி நாற்பது கதை அவர் கைவசம் உண்டு. எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி மூன்று தடவை கேட்டும் பிடி கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்று சிரித்தே நழுவிவிட்டார். முதலாளியும் சிரித்தார், அதன்பிறகு கேட்கவில்லை.

மதியம் சூப் கடைக்குப் போனார்கள். தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்க வேண்டும். அங்கே வந்ததும் அவர் தன்னை மறந்து கையை நீட்டி, இல்லாத ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, மெதுவா வாங்க. கடைசிப் படி கொஞ்சம் தேஞ்சிருக்கு. நான் பிடிச்சுக்கறேன்."

சூப்பில் மிளகு மூக்குக்கு ஏறுவதையும், வறுத்த ரொட்டி பல்லில் நொறுங்குவதையும்கூட அம்மாவுக்குச் சொன்னார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கிளம்பும்போது அவள் நீட்டிய உறையை வாங்க மறுத்து, "கேட்டுட்டு அம்மா என்ன சொன்னாங்கன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார்.

அவள் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து முதலாளி அவரைக் கூப்பிட்டு, ஆட்கள் வரத்தே நின்றுபோய்விட்டது, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், நானே சொல்லி அனுப்புகிறேன் என்றார். பத்து நாளாகியும் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மணிக்கூண்டுப் பக்கம் போனார்.

அங்கே இருபது பேர் நின்றிருந்தார்கள். எல்லார் கழுத்திலும் அவர் முதலாளியின் கம்பெனிப் பட்டை, எல்லார் காதிலும் ஒரு கருவி. கூட வழிகாட்டி யாருமில்லை. ஆட்கள் வரவில்லை என்று மனுஷன் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாரே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது பேரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

கூட்டத்தின் பின்னாலேயே சூப் கடை வரைக்கும் போனார். கடைசியாகப் படி இறங்கிய ஒரு வயதான அம்மாளுக்குப் பழக்கதோஷத்தில் கை கொடுக்கப் போனார். அந்த அம்மாள் வேண்டாமென்று தலையசைத்து, காலால் துழாவிப் பத்திரமாக இறங்கி நின்றாள்.

"இதுலயே சொல்லிட்டாரு தம்பி. பெத்த பிள்ளை மாதிரி எவ்வளவு பாசமா சொல்றாரு, நீங்களே கேளுங்க." பொத்தானை மறுபடி அழுத்திக் கருவியை அவர் காதில் வைத்தாள்.

"அம்மா, மெதுவா வாங்க. கடைசிப் படி கொஞ்சம் தேஞ்சிருக்கு. நான் பிடிச்சுக்கறேன்."