சேனாதிபதியைத் தூக்கிவந்த சாமி

"இந்த வருசமும் உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னாகன்னா, பரிமாறுற கரண்டியைப் போட்டுட்டு வந்துருவேன். சொல்லிப்புட்டேன்" என்றாள் வள்ளி.

திருமலைச்சாமி சிரித்துக்கொண்டே சட்டைப் பொத்தானை மாட்டினார். ஆயக்குடிப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊரில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பெயர், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சைக்கிள் பந்தயத்தில் வாங்கியது. வள்ளியும் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். போன வாரம் மகள் சண்முகசுந்தரி அழுதுகொண்டே வந்து, அப்பா மழைக்குப் பயந்து ஓடினாராமே, வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து அவளுக்கு மனசு ஆறவே இல்லை.

ஐப்பசி கடைசி ஞாயிறு என்றால் கொய்யா மண்டி சேனாதிபதி வீட்டில் விருந்து. 1956இல் அந்த நாளில்தான் அவர் செத்துப் பிழைத்தார்; பழனி முருகனே வந்து தூக்கிக் காப்பாற்றியதாகச் சொல்லுவார். பழைய சைக்கிள் கூட்டாளிகள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். சாம்பார் வாளி வருவதற்குள் பந்தயக் கதை கிளம்பிவிடும்.

பதினோரு பேர். சைக்கிள்களை பஸ்ஸின் தலையில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய், ஏரிக்கரையில் வரிசையாக நின்று, வத்தலக்குண்டு வரைக்கும் மலையிறக்கப் பந்தயம். தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, குளிருக்குக் காதை மூடிய குல்லா. பிரேக்கை நம்பாதவர்கள் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டே இறங்கினார்கள். வெள்ளி அருவியைத் தாண்டுவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இராமலிங்கம் மண்சரிவில் ஏறி முன்பல் இரண்டைப் பறிகொடுத்தார். சுப்புராஜ் எதிரே வந்த மாட்டு வண்டிக்குள்ளேயே போய் முட்டைக்கோஸ் மூட்டைமேல் விழுந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் நரை தட்டிய அந்த ஆட்கள் பள்ளிக்கூடப் பையன்களாகிவிடுவார்கள். என்ன நாட்கள் அவை. காயங்களைக்கூட ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"பெருமாள்மலைக்குக் கீழ என் பிரேக்கு பிடிக்கல. வளைவுல நேரா பள்ளத்துக்குள்ள போயிட்டேன். கால் ரெண்டு துண்டு" என்றார் சேனாதிபதி. "எனக்குப் பின்னால வந்தது யாரு? நம்ம திருமலைதான். ஏலே திருமலை, மழையைப் பாத்ததும் எங்கடா போன?"

"பயந்து திரும்பிட்டேன்ணே" என்றார் திருமலைச்சாமி வழக்கம்போல.

பந்தி முழுக்கச் சிரித்தது. சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு, யாரோ கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்த கதையையும் சுப்புராஜ் எடுத்துக் கொடுத்தார்.

சண்முகசுந்தரி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வள்ளி கரண்டியைச் சாம்பார் வாளிக்குள் போட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. உங்களைத் தூக்கிட்டு வந்தது சாமிதான்னு எப்படிச் சொல்றீங்க? மலைக்காரன் யாராச்சும் இருக்கக் கூடாதா?"

"வள்ளி, உனக்கெதுக்கு இந்தச் சோலி" என்றார் திருமலைச்சாமி. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

சேனாதிபதி கோபப்படவில்லை. "நெத்தியில அடிபட்டு ரத்தம் கண்ணை மறைச்சிருச்சு தங்கச்சி. மொகம் தெரியல. ஆனா மொட்டைத் தலை, இடுப்புல ஒரு கோவணம். நம்ம பழனி ஆண்டி கோலம். அந்த மழையிலயும் சந்தன வாசம். கொம்பு வச்சு என் காலைக் கட்டியிருந்தது காவித் துணி. ஒரு மைல் தூக்கியாந்து காப்பித் தோட்டத்து டிஸ்பென்சரி வாசல்ல கெடத்திட்டு மறைஞ்சிட்டாரு."

அந்தத் துணியை ஆஸ்பத்திரியில் வெட்டி எறிந்துவிட்டார்களே என்று இன்றைக்கும் அவருக்கு வருத்தம்தான்.

"மதுரையில நாலு மாசம் கெடந்தேன். இனி நடக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தூக்கியாந்தவரு நடக்க வைக்காம விட்டுருவாரான்னு எந்திரிச்சேன். அந்த நம்பிக்கை மட்டும் இல்லேன்னா இந்தக் கால் இல்ல தங்கச்சி."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாத ஒண்ணு. உப்பு மூட்டையா அவரு முதுகுல கெடந்தப்ப, ரத்தத்தைத் தொடச்சுட்டு ஒரு தடவை கண்ணைத் தெறந்தேன். பின்மண்டையில பிறை மாதிரி ஒரு தழும்பு. சூரனோட சண்டை போட்டப்ப பட்டதா இருக்கும்னு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டேன்."

வள்ளி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். திருமலைச்சாமி தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாமிதாண்ணே" என்றாள் வள்ளி. "நம்ம சாமியேதான்."

அந்தப் பந்தயம் நடந்த பதினெட்டாம் நாள் மணவறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு, பந்தயத்துக்கு முந்தின நாள் பழனியில் காவி கட்டி எடுத்த நேர்த்திக்கடன் மொட்டையில் முடிகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அடர்ந்த முடிக்குள் மறைந்திருக்கும் அந்தப் பிறையில்தான் அவள் விரல் தட்டும்.