சரக்கறை ஜன்னல்

சத்திரத்து ஓட்டு இடுக்குகள் வழியே பிற்பகல் வெயில் கூடத்தில் வட்டம் வட்டமாக விழுந்து கிடக்கிறது. மகளின் கல்யாணத்துக்கு இடம் பார்க்க வெண்ணந்தூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் பெருமாயி, கூடத்தைக் காலடியால் அளக்கிறாள். பந்திக்கு எண்பது இலை விழும். கிணற்று நீரை வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிறாள். பருப்பு நன்றாக வேகும் நீர்தான். கூட வந்த சமையல்காரர் தீர்த்தகிரியும் தலையாட்டுகிறார். அவள் முகம் மலர்கிறது.

"அம்மிணி, உங்களுக்குன்னு தனி இடமே இருக்குதுங்க" என்று சத்திரத்து மணியக்காரர் சரக்கறைக் கதவைத் தள்ளுகிறார். உள்ளே வெல்ல வாடை. சுவரில் இரண்டு கை அகலத்தில் ஒரு ஜன்னல். "தாலி ஏறற நேரத்துல இப்படி நின்னு பாத்துக்கலாமுங்க. வெள்ளைச் சீலைக்காரங்களுக்கு இங்க இதுதானுங்க வழக்கம்."

பெருமாயி ஜன்னலில் கண் வைக்கிறாள். ஒரு தூணின் முதுகு மட்டும் தெரிகிறது. வெள்ளைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்புகிறாள்.

"பதினாலு வருசம் ஒத்தையா ஏரோட்டி அவளை வளத்தவ நானுங்க. அவ கழுத்துல தாலி ஏறிருச்சான்னு இந்தத் தூணுகிட்டயா நான் கேட்டுக்கோணும்?" குரல் கூடமெங்கும் மோதுகிறது. "எங்க களத்துலயே பந்தல் போட்டுக்கறேன். முன்னால நின்னு நானே பந்தி விசாரிப்பேன்."

"அபசகுனம்னு ஊரே பேசுமுங்க. சமைக்கக்கூட ஒருத்தன் வரமாட்டான்."

தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்.

"அம்மிணி, களத்துல காத்து எந்தப் பக்கமிருந்துங்க அடிக்கும்? அடுப்பு வெட்டோணுமே."