ஜன்னல் சீட்டுக்காரி

“டாக்டர் சொல்றதெல்லாம் சும்மா, மச்சான். பேசாம ஏறி உக்காருங்க, தூங்குங்க, போய் இறங்குங்க. அவ்ளோதான்!”

லண்டன் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்து இன்னும் இருபது நாள் ஆகவில்லை. அதற்குள் ஆரணியில் யார் வெளிநாடு கிளம்பினாலும் யோசனை சொல்கிற ஆளாகிவிட்டார் சிவப்பிரகாசம். கேட்கவே வேண்டாம், வழியில் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வார்.

இன்றைக்குக் கேட்க வந்திருப்பவர் சொந்த மச்சான். மனைவி கன்னியம்மாளின் அண்ணன் பரசுராமன். வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்கு, மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சிக்கு விழுந்த நூல் மாதிரி சுருண்டு கிடக்கிறது. மாப்பிள்ளை சிவப்பிரகாசத்துக்கும் அதே கால்தான். பட்டுத்தறியில் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு இரண்டு பேரும் சம்பாதித்தது.

“இல்ல மாப்ள, நம்ம டாக்டர் பயமுறுத்தறாரே! பிளேன்ல ஒரே எடமா உக்காந்துகினு இருந்தா இந்தக் கால்ல ரத்தம் கட்டிக்குமாம். அது நெஞ்சுல போய் அடைச்சா ஆளே காலியாம். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணுமாம், தண்ணி நெறைய குடிக்கணுமாம்.”

“எனக்கும்தான் சொன்னாரு. கேட்டேனா? பத்தரை மணி நேரம்! என்னா ஆயிடுச்சு? குத்துக்கல்லாட்டம் உங்க எதிர்ல உக்காந்துகினு இல்ல? நாப்பது வருஷம் தறியில உக்காந்த உடம்பு மச்சான் இது! பிளேனுக்குள்ள மேலயும் கீழயும் நடந்தா நாலு பேரு சிரிக்க மாட்டான்?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கன்னியம்மாள் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

“ஒன்னே ஒன்னு, பக்கத்துல யாரு வந்து உக்கார்றாங்கன்னு பார்த்துக்குங்க. எனக்கு வந்து வாய்ச்சாளே ஒருத்தி, அப்பப்பா!”

“ஏன், என்னா பண்ணா?”

“ஜன்னல் சீட்டு எனக்கு, நடுவுல உங்க தங்கச்சி. நடக்கற வழியோரமா இந்தப் பொண்ணு. வந்ததும் நைசா, ‘அங்கிள், ஜன்னலை எனக்குக் குடுங்களேன்’னா. சரி, சின்னப் பொண்ணு, மேகம் பாக்க ஆசைப்படுதுன்னு எழுந்து குடுத்தேன். அங்கதான் மோசம் போயிட்டேன்!”

“அப்புறம்?”

“மணிக்கு ஒரு தடவை பாத்ரூம்! கண்ணு அசந்தா போதும், ‘அங்கிள், கொஞ்சம் வழி விடுங்க.’ நான் எழுந்திருக்கணும், உங்க தங்கச்சி எழுந்திருக்கணும். போனவ ஜல்தியா வருவாளா? மாட்டா. எவ்ளோ நேரம்தான் நின்னுகினே இருக்கறது? நாங்களும் அந்தக் கோடி வரைக்கும் போய்ப் போய் வந்தோம். ஒம்போது தடவை மச்சான், எண்ணி வெச்சேன்! அதுல வேற, குடுக்கற தண்ணியெல்லாம் வாங்கி, ‘எனக்குப் போதும் அங்கிள், நீங்க குடிங்க’னு என் தலையில கட்டினா. பேஜாராப் போச்சு!”

பரசுராமன் சிரித்தார். “பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதியோ!”

“அந்த வியாதி உங்க தங்கச்சிக்கும் ஒட்டிகிச்சே! திரும்பி வரும்போது இவளுக்கு வயித்துக் கோளாறு. மணிக்கு ஒரு தடவை என்னைத் துணைக்கு இழுத்துகினு போனா. ஆனா அந்தப் பொண்ணை நான் சும்மா விடல. லண்டன்ல இறங்கினதும் அத்தனை பேர் எதிர்லயும் கேட்டுட்டேன். ‘வெளிநாடு போறதுன்னா மொதல்ல டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டணும்மா. அடுத்தவன் உசுரை வாங்கக் கூடாது’ன்னேன். ‘சாரி அங்கிள்’னு தலையைக் குனிஞ்சிகினா. நான் விறுவிறுனு வந்துட்டேன்.”

பரசுராமன் கையிலிருந்த, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பைக்குள் போட்டார்.

“அனுபவப்பட்டவர் நீங்களே சொல்றீங்க. நானும் அசையாம உக்காந்துகினு போயிடறேன் மாப்ள.”

கன்னியம்மாள் கீரையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“அய்யய்யோ, வேணாம் அண்ணா! இவர் பேச்சைக் கேட்டு உசுரை விட்டுடாத. அந்தப் பொண்ணு ஜாக்குலின், நம்ம கண்ணமங்கலத்துக்காரி. லண்டன்ல நர்ஸு. மெட்ராஸ் ஏர்போர்ட்ல இவர் பேன்ட்டைச் சுருட்டி விட்டுகினு உக்காந்திருந்தாரா, காலைப் பார்த்துட்டு அவளாதான் என்கிட்ட வந்தா. டாக்டர் சொன்னதையும், இவர் கேக்க மாட்டேங்கறதையும் சொல்லி அழுதேன். ‘கவலைப்படாதீங்க ஆன்ட்டி, நான் எழுப்பி விடறேன்’னா. எங்க வரிசையில இருந்த ஆளுக்குத் தன் சீட்டைக் குடுத்துட்டு வந்து உக்காந்தா. பாத்ரூமுக்கா போனா? பின்னாடி போய் நின்னுகினு இவர் நடக்கறாரான்னு பார்த்துகினு இருந்தா. இறங்கினதும் நேரா டியூட்டிக்குப் போவணும், ஆனா ஒரு பொட்டு தூங்கல. வரும்போது அவ சொல்லிக் குடுத்ததுதான் என் வயித்துக் கோளாறு.”

சிவப்பிரகாசத்துக்கு லண்டனில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடையெல்லாம் நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது.

“மகராசி! அவ நூறு வருஷம் நல்லா இருக்கணும். மச்சான், நான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க. பையில போட்ட டாக்டர் சீட்டை எடுங்க, அவர் சொன்னபடியே செய்யுங்க.” பிறகு மனைவி பக்கம் திரும்பினார். “அவ்ளோ திட்டினேனேடி, அப்பவாவது நீ சொல்லி இருக்கக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன். அவதான் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. ‘விடுங்க ஆன்ட்டி, திட்டிகினே எவ்ளோ வேகமா நடந்து போறாரு பாருங்க. எனக்கு அது போதும்’னுட்டா.”