ஜாமீன்தாரர்மீது ஒரு தீர்ப்பு

“சார், நான் ஒளிச்சு மறைச்சுப் பேசற ஆள் இல்லை. என் மேல கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு. முதல்லயே சொல்லிடறேன்” என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

வங்கியின் கடன் பிரிவு மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே கடைக்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. கடன் கேட்பது தம்பி. உடற்பயிற்சிக் கூடம் திறக்கப் போகிறாராம். அவருடைய கிரெடிட் ரிப்போர்ட் தன் காலில் நிற்காது என்பதால், தாங்கிப் பிடிக்க அத்தானின் ஜாமீன் கையெழுத்தும், கூடவே அத்தானின் வீட்டுப் பத்திரமும் தேவைப்பட்டன.

“ஏங்க, வந்ததும் வராததுமா அதையா சொல்லணும்?” மனைவி முழங்கையால் இடித்தாள்.

“மறைச்சா அப்புறம் சார் என்ன நினைப்பார்?”

“தீர்ப்பா? எதுக்கு?” என்றார் மேலாளர்.

“லென்ஸ் தேய்க்கற மெஷின் ஒண்ணு தவணையில வாங்கினேன் சார். கடைசி மூணு தவணை கட்டலை. கேஸ் போட்டாங்க. நான் கோர்ட் பக்கமே போகலை. எனக்கு எதிரா தீர்ப்பாயிடுச்சு. தம்பிக்குக் கையெழுத்துப் போட ஏற்கெனவே ரெண்டு பேங்குக்குப் போனோம். இதைக் காட்டியே திருப்பி அனுப்பிட்டாங்க.”

மேலாளர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். இந்த மாதிரி ஆள் கிடைத்துப் பல நாளாகியிருக்க வேண்டும்.

“கிரெடிட் ரிப்போர்ட்னா என்னன்னு நினைச்சீங்க? அது ஒரு மனுஷனோட எக்ஸ்ரே! மூணே தவணைதானேன்னு நீங்க விட்டுடுவீங்க. ஆனா கோர்ட் தீர்ப்புன்னு ஒரு வரி அதுல ஏறிடுச்சுன்னா வருஷக்கணக்கா இறங்காது. வீட்டுக் கடனா? கிடையாது. கார் கடனா? கிடையாது. ஃபோனைத் தவணையில கேட்டாக்கூட உதட்டைப் பிதுக்குவான். ஒழுக்கம் வேணும் சார், ஒழுக்கம்!”

மேஜைமேல் அவருடைய ஃபோன் அதிர்ந்தது. எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, “கார்டு பாக்கிதானே? சம்பளம் வந்ததும் கட்டறேன். ஆபீஸ் நேரத்துல கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று முணுமுணுத்துவிட்டு, மறுபடி ஒழுக்கத்துக்குத் திரும்பினார்.

“இருங்க, உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துடுவோம்.”

கம்ப்யூட்டர் யோசித்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். ஏ.சி. காற்று நேராக அவர்மேல்தான் அடித்தது; ஆனாலும் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“என்னத்தான், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கற மாதிரி வேர்க்குது?” என்று சிரித்தான் மச்சினன்.

“உனக்கென்ன மாப்ளே, ஃபைல் என்னோடதுல்ல?”

“உனக்கு ஒரு நல்லது செய்ய முடியலையேன்னு உள்ளுக்குள்ளயே புழுங்கறார்டா” என்றாள் அக்கா. “அந்த ரெண்டாவது பேங்க்ல முடியாதுன்னு சொன்னாங்களே, அன்னிக்கு வீட்டுக்கு வந்தார். அப்படியே படுத்துட்டார். காலையிலதான் எழுந்தார்.”

திரையில் ரிப்போர்ட் வந்தது. மேலாளர் விரலால் வரி வரியாக இறங்கினார்.

“ம்ம். தீர்ப்பு இருக்கு.”

“நான்தான் சொன்னேனே சார்!” கடைக்காரர் எழுந்தேவிட்டார். “வா மாப்ளே. சாரோட நேரத்தை வீணாக்க வேண்டாம். என் தலையெழுத்து இவ்வளவுதான்.”

“அட, உட்காருங்க. பக்கத்துல இன்னொண்ணு போட்டிருக்கு. போன மாசம் முழுத் தொகையும் கட்டியாச்சு.”

“இருக்காது சார். நான் கட்டவே இல்லையே!” கடைக்காரரின் குரல் உடைந்தது. “நல்லாப் பாருங்க சார். வேற யாரோட ஃபைலாவது மாறி வந்திருக்கும்.”

“உங்களோடதுதான். வட்டி, கோர்ட் செலவு உள்பட அடைச்சாச்சு. அடைச்சு முடிச்ச தீர்ப்பை எங்க பேங்க்ல தடையா எடுத்துக்கறதில்லை. மத்தபடி கடை வருமானம், வீடு, எல்லாம் பிரமாதம். நீங்க தாராளமா ஜாமீன் போடலாம்.”

மச்சினன் எழுந்து வந்து அத்தானின் தோளைக் கட்டிக்கொண்டான்.

“நான்தான் அத்தான் கட்டினேன்! எனக்காகப் போய் பேங்க் பேங்கா தலைகுனிஞ்சு நிக்கறீங்களேன்னு அக்கா அழுதா. மனசு கேக்கலை. நாலு பேர்கிட்ட கைமாத்து வாங்கி, நேராப் போய் அடைச்சுட்டு வந்துட்டேன். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலை.”

மனைவி மூக்கை உறிஞ்சினாள். மேலாளரே எழுந்து மச்சினனின் கையைக் குலுக்கினார்.

“குடும்பம்னா இப்படியில்ல இருக்கணும்!” என்று பேனாவைத் திறந்து நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்து. பின்பக்கம் ஒண்ணு.”

கடைக்காரர் பேனாவை வாங்கினார். அது காகிதத்தைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றது.

“பாருடா, சந்தோஷத்துல கையே ஓடலை உங்க அத்தானுக்கு!” என்றாள் மனைவி.

மனைவியின் அக்கா கணவர், இதே மச்சினனின் போன வியாபாரத்துக்கு ஜாமீன் போட்டு, வீட்டைப் பறிகொடுத்து, ஒற்றை அறைக்குக் குடிபோன பிறகுதான், கடைக்காரர் கையில் பணத்தை வைத்துக்கொண்டே தவணையை நிறுத்தி, வந்த சம்மனைக் கிழித்துப் போட்டு, அந்தத் தீர்ப்பைத் தேடிப்போய்த் தன்மீது வாங்கியிருந்தார்.

மச்சினன் தன் வாழ்நாளில் ஒழுங்காக அடைத்த ஒரே கடன் அதுதான்.