ஒரு நாளைக்கு ஒரு கிளிக்

"ஏ இன்பம், இந்தத் திருகுற குமிழை மட்டும் மாட்டிக் குடு. சிகரெட்டை விட்டுக் காட்டுறேன்!"

பேட்டரி, சூடாகிற கம்பிச்சுருள், எண் காட்டும் குட்டித் திரை, உள்ளே ஊற்றப் புகையிலைச் சாறு பாட்டில், எல்லாவற்றையும் மேசையில் கொட்டினான் ஆஸ்டின். இழுத்தால் புகைவிடும் கருவியைக் கடையில் விற்கத் தடை. அதனால் லோடு ஆட்டோ ஓட்டும் அவனே செய்யக் கிளம்பிவிட்டான். வயர் வேலைக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. மனைவி இன்பராணி மல்லாங்கிணற்றில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள்.

"நாளைக்குச் சாம்பல் புதன். ஞாயித்துக்கிழமை போக லெந்து விரதம் நாப்பது நாளு. தினம் ஒரு கிளிக் குறைச்சா சூடும் குறையும், புகையும் குறையும். ஈஸ்டருக்குப் பூஜ்யம்!"

"நாத்தம் போனாத்தான் முத்தம்," என்றாள் மகள் ஹெப்சிபா. ரெண்டாம் வகுப்பு. ஒரு வருஷமாக அப்பாவுக்குக் கன்னத்தைக் காட்டவில்லை. அந்தக் குறைதான் ஆஸ்டினைப் பாடாய்ப்படுத்தியது.

"மாட்டித் தாரேன். ஆனா புகையிலைச் சாறு பாட்டிலு என்கிட்டதான் இருக்கும். நான்தான் ஊத்துவேன்," என்றாள் இன்பராணி.

நாற்பதில் இழுத்தவன், "ஆகா, என்னா காட்டம்!" என்று கண்ணை மூடினான். முப்பதில், "சப்புனு இருக்குடி." இருபதில் தலைவலி. பத்தில், பாவி மனுஷன், நரிக்குடி போகிற வழியில் லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, "ஒரே ஒரு கிளிக் கூட்டிக்கிறவா?" என்று போனில் கெஞ்சினான்.

"தாராளமாக் கூட்டுங்க. முத்தத்தை மறந்துருங்க."

கூட்டவில்லை.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹெப்சிபா அவன் சட்டையை மோந்து பார்த்தாள். "கிராம்பு வாசந்தான்ப்பா வருது!" என்று இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் வைத்தாள். ஆஸ்டினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"இனி இந்தச் சனியன் எதுக்கு?" என்று திருப்புளியை எடுத்துக் கருவியைப் பிரித்தான்.

குமிழிலிருந்து கிளம்பிய வயர்கள் எல்லாம் எண் திரையோடு நின்றுபோயிருந்தன. கம்பிச்சுருளுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

"அடியேய், அப்ப சூடு குறையவே இல்லையா? அம்புட்டுப் புகையிலைச் சாறும் எனக்குள்ளதான் போயிருக்கா?" என்று பதறிப்போனான்.

இன்பராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தச் சாறைச் சாம்பல் புதனன்னைக்கே சாக்கடையில கொட்டிட்டேங்க. நாப்பது நாளும் நீங்க இழுத்தது கிளிசரினும் கிராம்புத் தண்ணியுந்தான்!"